காணாத காயமும் கோர்ட்டுக் கணக்கும்

காலை ஒடித்துக்கொண்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவனுடைய கஷ்டம் ஊரறிந்த கஷ்டம். மாவுக்கட்டு இருக்கிறது, கக்கத்தில் கட்டை இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "எங்கே, எப்படி?" என்று விசாரித்து அநுதாபப்படுகிறார்கள். நாளைக்கு அவன் கோர்ட்டில் போய் நின்றாலும் நீதிபதியின் கண்ணில் முதலில் படுவது அந்தக் கால்தான். வக்கீல் வாயைத் திறக்குமுன்பே பாதி வழக்கு ருஜுவாகிவிடுகிறது.

தலையில் அடிபட்டவனுடைய சங்கதி வேறு. பத்து நாள் பிரக்ஞையின்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வீட்டார் தெய்வங்களுக்கெல்லாம் வேண்டிக்கொள்கிறார்கள். ஒரு நாள் கண் விழிக்கிறான். ஒரு மாதத்தில் தன் காலால் நடந்தே வீடு வந்து சேருகிறான். தையல் போட்ட இடத்தில் மயிர் முளைத்து மூடிக்கொள்கிறது. "ஏதோ பெரியவர்கள் செய்த புண்ணியம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று சொல்லிவிட்டு உறவினர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள்.

தலைப்பாகையோடு போகவில்லை என்பது அவன் மனைவிக்கு மட்டும் மெள்ள மெள்ளத் தெரியவருகிறது. கடைக்குப் போனால் மூன்று சாமான்களில் இரண்டை மறந்துவிட்டு வருகிறான். அடுப்பில் பால் பொங்கித் தீய்வது அவனுக்கு நாற்றமே தெரிவதில்லை. முன்பெல்லாம் குழந்தைகளை அதட்டக்கூட மாட்டான். இப்போது ஒரு பென்ஸில் கீழே விழுந்தால் கை ஓங்குகிறான். அரைமணி நேரம் ஒரு கணக்கைப் பார்த்தால் மண்டை இடிக்கிறது என்று படுத்துக்கொள்கிறான். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலிப்புக் கண்டு விழுகிறான். காரியாலயத்தில், "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், வேலைதான் செய்யமாட்டேன் என்கிறார்" என்று பேச்சு. நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாலோ, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வக்கீலும் ஏறக்குறைய அதையே இன்னும் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கிறார்: "இவருக்கு என்ன நஷ்டம்?"

நம்முடைய சட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்கிறது. தாராளமாகவே இடம் கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பதிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டார். எதைக் கொண்டுபோவது, எப்போது கொண்டுபோவது என்று தெரியாமையால் அநேகக் குடும்பங்கள் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றன.

மண்டைக்குள் நடப்பது

வண்டியில் தயிர்ப்பானையை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி திடீரென்று நின்றால் என்ன ஆகும்? பானை உடையாமலேயே உள்ளே தயிர் கலங்கிவிடும். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட அத்தகையதுதான். மூளை மிக மிருதுவானது. மண்டை ஓட்டின் உட்புறமோ, முக்கியமாகக் கண்களுக்கு மேலே இருக்கும் பாகம், மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பானது. ஓடுகிற வாகனம் மோதி நிற்கும்போது மூளையின் முன்பாகம் அந்தச் சொரசொரப்பில் உராய்கிறது. காரியங்களை யோசித்துத் திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, ஆரம்பித்த வேலையை முடிப்பது ஆகிய குணங்களுக்கெல்லாம் இருப்பிடம் அந்த முன்பாகம். வாசனையறியும் நரம்புகளும் அங்கேதான் ஊசி போன்ற துவாரங்களின் வழியாக மேலே போகின்றன. அவை எளிதில் அறுந்துபோகும். ஆகவே கையும் காலும் சுகமாக இருக்க, மனிதனுடைய சுபாவம் மட்டும் மாறிப்போவதில் மந்திர மாயம் ஒன்றுமில்லை.

இது வைத்தியர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். 1848-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் இடத்தில் வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்தது. பினியாஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரியின் கையிலிருந்த இரும்புத் தடி, மூன்றரை அடி நீளமுள்ளது, அவருடைய இடது கன்னத்தின் வழியாகப் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. மனிதர் சாகவில்லை. சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பேசினார்! அவருக்குச் சிகித்ஸை செய்த டாக்டர் ஹார்லோ இருபது வருஷம் கழித்து எழுதிய விவரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. விபத்துக்குமுன் மிகத் திறமைசாலியென்று பேர் வாங்கியிருந்த அந்த மேஸ்திரியின் குணம் அடியோடு மாறிப்போயிற்று என்றும், அதனால் கான்டிராக்டர்கள் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும் டாக்டர் சொல்கிறார். பிற்காலத்தில் கேஜ் சிலி தேசத்தில் பல வருஷம் கோச்சுவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதால், அவர் அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை என்று வாதிக்கும் ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் மேஸ்திரி உத்தியோகம் போனது போனதுதான். கண்ணுக்குத் தெரியும் காயம் ஆறியபின், தெரியாத காயத்தினால் ஜீவனோபாயம் போனதற்கு அது பழைய உதாரணம்.

நமது நாட்டுக்கு வருவோம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை ரண சிகித்ஸையை ஆரம்பித்து வைத்தார். அன்று முதல் இன்றுவரை இத்துறையில் ஏற்பட்டிருக்கும் அபிவிருத்தி அபாரமானது. முன்னாளில் ரஸ்தாவிலேயே உயிர் விட்டிருக்கக்கூடியவர்கள் இன்று பிழைத்து வீடு திரும்புகிறார்கள். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2021 டிஸம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகித்ஸை இலவசம். 2025 மே மாதத்தில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த திட்டத்தின்படி ஏழு நாள் வரையில் ஒன்றரை லக்ஷ ரூபாய்க்குச் சிகித்ஸை கட்டணமின்றி உண்டு. இவையெல்லாம் மிக நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை உயிரைக் காப்பதற்காக. காப்பாற்றப்பட்ட உயிர் அதன்பிறகு நாற்பது வருஷம் எப்படி வாழ்வது என்பது வேறு கணக்கு. சிலர் இந்த இலவசச் சிகித்ஸையையே நஷ்டஈடு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அப்படியல்ல.

சட்டம் வந்த வழி

விநோதமான ஒரு விஷயம். நம் தேசத்தில் விபத்து நஷ்டஈட்டுக்கென்று முதலில் ஏற்பட்ட சட்டம், உயிரோடிருப்பவர்களுக்காக ஏற்பட்டதன்று. 1855-ல் கம்பெனி ஆட்சியின்போது, இங்கிலாந்தில் 1846-ல் செய்த சட்டத்தைப் பின்பற்றி, விபத்தில் இறந்தவருடைய குடும்பத்தார் வழக்குத் தொடர வழி செய்தார்கள். தொழிலாளிகளுக்கு வேலையில் ஏற்படும் காயங்களுக்காக 1923-ல் தனிச்சட்டம் வந்தது. (அது இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமுலில் இருக்கிறது.) 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம்; 1956-ல் அதைத் திருத்தி, விபத்து வழக்குகளை மட்டும் விசாரிக்கத் தனி டிரிபியூனல்கள் அமைக்க வழி செய்தார்கள். இன்று அமுலில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். தலைக்காயங்களில் பெரும்பகுதி ரஸ்தா விபத்தினால் வருவதால் இதையே எடுத்துக்கொள்வோம். மாடியிலிருந்து விழுவது, சாரம் சரிந்து விழுவது முதலியவற்றுக்கு வழிகள் வேறு. ருஜுப்பிக்கவேண்டிய விஷயம் மட்டும் ஒன்றுதான்.

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்காக இன்ஷ்யூரன்ஸ் இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம். ஆகையால் மோதியவன் ஏழையாக இருந்தாலும் பணம் கொடுப்பது அநேகமாகக் கம்பெனிதான். வண்டியோட்டியிடம் சரியான லைசென்ஸ் இல்லையென்றாலும், முதலில் கம்பெனி கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று பல வழக்குகளில் தீர்ப்பாகியிருக்கிறது. கிரிமினல் கோர்ட்டில் வண்டியோட்டி விடுதலையாகிவிட்டான் என்பதனால் நஷ்டஈட்டு வழக்கு விழுந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; இங்கே நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று தோன்றினால் போதும்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டுமென்பதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்திலுள்ள டிரிபியூனலிலும் போடலாம். ஆனால் காலக்கெடு இருக்கிறது. 1994 முதல் கெடுவே இல்லாமல் இருந்தது; பின்னர் செய்த திருத்தத்தினால் 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் என்றாயிற்று. மூளையில் அடிபட்டவன் வீட்டுக்கு ஆறு மாதம் என்பது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தே தீர்ந்துபோகும் காலம். இந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் நடந்து, 2025 நவம்பரில் கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளிவிட வேண்டாமென்று இடைக்கால உத்தரவும் பிறந்தது. இருந்தாலும் அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. வட்டியும் பெரும்பாலும் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் ஓடுகிறது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்து வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார். "வருவதில் இத்தனை பங்கு எனக்கு, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அவர் தரகர். வழக்கில் ஜயித்தால் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வது வக்கீல்களுக்கு அவர்களுடைய கௌன்ஸில் விதிகளின்படியே கூடாத காரியம். கௌரவமான வக்கீல்கள் அதைச் செய்வதுமில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கஹீனர்களுக்கும் வருமானம் எவ்வளவென்று பாராமலே சட்ட உதவிக் குழுவின் மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதை அந்தத் தரகர் சொல்லமாட்டார். நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ருஜுவுக்கு எங்கே போவது?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவுடன் டாக்டர் ஓர் எண்ணைக் குறிக்கிறார். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் ஏற்படுத்திய அளவு அது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து மார்க் போடுவது. முழுப் பிரக்ஞைக்கு 15, அடிமட்டம் 3, எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். பள்ளிக்கூட மார்க்கைவிட அதிக காலம் பேசக்கூடிய மார்க் இது. மூன்று வருஷம் கழித்து, "சாதாரணச் சிராய்ப்புத்தானே" என்று கேட்பவருக்கு இந்த எண்ணே பதில். ஆகவே விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஆஸ்பத்திரிகளில் 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்லும் காகிதம், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கான் படங்கள் இவற்றைப் பத்திரப்படுத்துவது முதல் வேலை. அக்காகிதங்களில் 'நினைவிழப்பு', 'வாந்தி', 'வலிப்பு' முதலியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்வது உத்தமம்.

ஸ்கான் படத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது. நரம்பிழைகள் நுட்பமாக இழுபட்டு அறுந்த காயம் சாதாரண ஸி.டி. படத்தில் விழாமலே போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்பதனால் மூளை சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஞாபகம், கவனம், யோசிக்கும் வேகம், தீர்மானிக்கும் திறமை இவற்றை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கும் மனோதத்துவப் பரீக்ஷைகள் இருக்கின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற ஸ்தாபனங்களில் இவற்றைச் செய்கிறார்கள். பல மணி நேரம் பிடிக்கும் இந்தப் பரீக்ஷையின் அறிக்கை ஒன்றைக் கோர்ட்டில் வைப்பது, ஒரு கட்டு மருந்துச் சீட்டைவிட அதிகப் பிரயோஜனமானது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சாக்ஷி உண்டு, அது வீடு. என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தவர். லாரி மோதித் தலையில் அடிபட்டுப் பிழைத்தார். அந்தப் பையனுக்குத் துணையாக ஒருநாள் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். குறுக்கு விசாரணையில், "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னார். "இருபத்தைந்து எட்டு எவ்வளவு?" என்றார்கள். "இருநூறு" என்று பட்டென்று சொன்னார். கம்பெனி வக்கீல் மிகவும் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த அம்மாள் சாக்ஷி சொல்ல ஏறினார். படிப்பு அதிகமில்லாதவர். அவர் பேச்சைவிட அவர் கொண்டுவந்திருந்த இரண்டு நாள்வழி நோட்டுகள்தான் பேசின. விபத்துக்கு முந்திய நோட்டில் ஒவ்வொரு நாளும் வரவும் பற்றும் கூட்டி, இருப்பு எழுதி, அடியில் கோடு கிழித்திருந்தது. முத்துப் போன்ற எழுத்து. பிந்திய நோட்டில் ஒரே பற்று மூன்று இடத்தில் இருந்தது. கூட்டல் பாதியில் நின்றது. சில பக்கங்களில் 'துவரம்பருப்பு' என்று எழுதியதோடு நாள் முடிந்துபோயிருந்தது. நீதிபதி இரண்டு நோட்டுகளையும் மேஜைமேல் அருகருகே விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாய்ப்பாடு குழந்தைப் பருவத்தில் பதிந்தது. அது கடைசி வரையில் போகாது. கடை நடத்தும் புத்திதான் போயிற்று.

எனவே வீட்டார் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இன்று என்ன மறந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்தத் தேதியில் வலிப்பு வந்தது, அவரோடு யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது என்று தேதி போட்டு எழுதவேண்டும். இலக்கணம் வேண்டாம், தேதி வேண்டும். மாணவனாக இருந்தால் விபத்துக்கு முந்திய, பிந்திய மார்க்கு அட்டைகள். உத்தியோகஸ்தரானால் மேலதிகாரியின் கடிதமும் சம்பளப் பட்டியும்.

நூற்றுக்கு எத்தனை?

மெடிகல் போர்டார் 'இவருக்கு அங்கஹீனம் நூற்றுக்கு இத்தனை' என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். சம்பாதிக்கும் சக்தியில் நஷ்டமும் அத்தனையே என்று பலர் எண்ணுகிறார்கள். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த எண்ணத்தைத் தெளிவாக மறுத்தது. இடது கையை இழந்தவன் கார் ஓட்டுபவனாகவோ தச்சனாகவோ இருந்தால் அவனுடைய பிழைப்பு முழுவதுமே போகலாம். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் அப்படியன்று. டாக்டர் உடம்பின் நஷ்டத்தைச் சொல்வார்; பிழைப்பின் நஷ்டத்தைத் தீர்மானிக்க வேண்டியது டிரிபியூனல். வாசனை தெரியாத சமையற்காரர், கோபத்தை அடக்க முடியாத வாத்தியார், கவனம் நிற்காத கணக்கப்பிள்ளை, வலிப்பு வரும் டிரைவர் இவர்களையெல்லாம் இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 35 வயதுள்ள ஒருவர் சொந்தத் தொழிலில் மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2017-ம் வருஷத்துத் தீர்ப்பின்படி, நாற்பது வயதுக்குட்பட்ட சொந்தத் தொழிலாளருக்கு எதிர்கால அபிவிருத்திக்காக நூற்றுக்கு 40 கூட்டவேண்டும். அங்கஹீனமான வழக்குகளுக்கும் இது உண்டென்று 2020-ல் தெளிவாகிவிட்டது. ஆக மாதம் 28,000, வருஷத்துக்கு 3,36,000. இதை வயதுக்குத் தக்கபடி ஓர் எண்ணால் பெருக்கவேண்டும். 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணையில் 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. மொத்தம் 53,76,000 ரூபாய். பிழைப்பு நஷ்டம் நூற்றுக்கு 20 என்று டிரிபியூனல் தீர்மானித்தால் கிடைப்பது 10,75,200; 50 என்று தீர்மானித்தால் 26,88,000. நடுவிலுள்ள வித்தியாசம் பதினாறு லக்ஷத்துக்கு மேல்! மேலே சொன்ன நாள்வழி நோட்டின் விலை அதுதான்.

ஒரு முறைதான்

மேல்நாட்டுக் கோர்ட்டுகள் சிலவற்றில், பின்னால் நிலைமை மோசமானால் திரும்ப வந்து கேட்க வழியுண்டு. இங்கே இல்லை. நாகப்பா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இரண்டு விஷயங்களைச் சொல்லிற்று. மனுவில் கேட்ட தொகையைவிட அதிகமாகவும் டிரிபியூனல் கொடுக்கலாம் என்பது ஒன்று. முடிவான தீர்ப்புக்குப் பிறகு மேற்கொண்டு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையாதலால், வருங்கால வைத்தியச் செலவையும் இப்போதே கணக்கிட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று.

இதனால்தான் அவசர சமாதானங்களைக் கண்டு நான் அஞ்சுகிறேன். தலைக்காயம் முதல் ஆறு மாதம் வேகமாகவும், பிறகு ஓரிரண்டு வருஷம் மெதுவாகவும் தேறும் இயல்புடையது. எது தேறாமல் நின்றுவிடும் என்பது அதன் பிறகே தெரியும். ஆனால் விபத்து நடந்த சில மாதங்களிலேயே கம்பெனியிடமிருந்து ஒரு தொகை சொல்லி அனுப்புகிறார்கள். யார் பேரிலும் குற்றம் நிரூபிக்காமலே பெருங்காயத்துக்கு இரண்டரை லக்ஷம் கிடைக்கும் பிரிவு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. கையிலே காசில்லாத வீட்டுக்கு அது அமிர்தமாகத் தோன்றும். அதை ஏற்றுக்கொண்டால் டிரிபியூனலில் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்பது அதே சட்டத்தில் வேறோரிடத்தில் எழுதியிருக்கிறது. லோக் அதாலத்தில் சமாதானமாகப் போகலாம். சிறு காயங்களுக்கு அது மிக உசிதமான வழி. வருஷக்கணக்கில் அலைய வேண்டாம். ஆயினும் அங்கே கையெழுத்திட்ட தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது. மனுவைச் சீக்கிரமாகப் போட்டுவிட்டு, காயம் நிலைத்த பிறகு முடிவைத் தேடுவதே தலைக்காயக்காரருக்கு ஏற்றது. இடையில் வயிற்றுப்பாடு என்ன செய்வது என்ற கேள்விக்குச் சட்டத்தில் சரியான பதில் இல்லை. அது நமது சட்டத்தின் பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம்.

பன்னிரண்டு வயதுக் குழந்தை

2007-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வட இந்தியாவில், 12 வயதுச் சிறுமி ஒருத்தி தாய் தந்தையருடன் டிராக்டரில் போய்க்கொண்டிருந்தாள். லாரி ஒன்று வந்து மோதியது. குழந்தையின் தலையில் அடி. சண்டிகார் ஆஸ்பத்திரி டாக்டர்கள் பரீக்ஷித்து, அவளுடைய அறிவு ஒன்பது மாதக் குழந்தையின் அறிவுக்குச் சமானம் என்றும், அங்கஹீனம் நூற்றுக்கு நூறு என்றும் எழுதினார்கள். கைகால்களில் பலமில்லை. ஆயுள் முழுவதும் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

டிரிபியூனல் 11,08,501 ரூபாய் கொடுத்தது. படிக்கும் குழந்தைதானே என்று வருஷ வருமானம் 15,000 என்று வைத்துக் கணக்கிட்டார்கள். பஞ்சாப்-ஹரியானா ஹைக்கோர்ட் அதை 25,78,501 ஆக உயர்த்தியது. அதிலே கூட இருப்பவருக்கு மாதம் 2,500 ரூபாய்! இந்நாளில் மாதம் 2,500 ரூபாய்க்கு, பச்சைக் குழந்தையின் அறிவும் வளர்ந்த பெண்ணின் உடம்பும் கொண்ட ஒருத்தியை இரவும் பகலும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எந்தக் குடும்ப ஸ்திரீயைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

2020 பிப்ரவரி 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சிறுமி வளர்ந்து வேலைக்குப் போயிருந்தால் தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியாவது சம்பாதித்திருப்பாள் என்று கொண்டு, மாதம் 4,846 ரூபாயோடு நூற்றுக்கு 40 சேர்த்துக் கணக்கிட்டார்கள். கூட இருக்க ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஆளுக்கு மாதம் 5,000. அதைப் பதினெட்டு வருஷத்துக்குப் பெருக்கி 21,60,000. வேதனைக்கும் வாழ்க்கையின் இன்பங்களை இழந்ததற்கும் 15 லக்ஷம். விவாகத்துக்கு வாய்ப்பில்லாமற் போனதற்கு 3 லக்ஷம். வருங்கால வைத்தியத்துக்கு 5 லக்ஷம். மற்றவையும் சேர்ந்து மொத்தம் 62,27,000 ரூபாயும் வட்டியும்.

இந்தத் தீர்ப்பில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கான அந்த 21,60,000. வீட்டில் தாயாரும் மனைவியும் செய்யும் ஊழியத்துக்கு விலையே கேட்காமல் மனுப் போடுவது நம்மவர்களின் வழக்கம். "எங்கள் பையனுக்கு நாங்கள் செய்கிறோம், அதற்குக் கூலியா?" என்று கூச்சப்படுகிறார்கள். அந்தத் தாயாருக்கும் அறுபது வயது ஆகும், எழுபது ஆகும். அவள் காலத்துக்குப் பிறகு கூலியாள்தானே வரவேண்டும்?

விபத்து நடந்து தீர்ப்பு வரப் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. விபத்துக்குமுன் அவள் வாழ்ந்த காலமும் கிட்டத்தட்ட அவ்வளவே.

பணம் வந்த பிறகு

தானே காரியங்களைக் கவனித்துக்கொள்ளும் நிலையில் இல்லாதவருக்காக நெருங்கிய உறவினர் ஒருவர் அவர் சார்பில் மனுப் போடலாம். யார் என்பதைக் குடும்பம் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்வது நல்லது. தாயாருக்கும் மருமகளுக்கும் இவ்விஷயத்தில் ஏற்படும் மனஸ்தாபம் வழக்கையே இரண்டு வருஷம் பின்னுக்குத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்புத் தொகை முழுவதையும் கையில் கொடுத்துவிடுவதில்லை. சூசம்மா தாமஸ் வழக்கில் வெளியான தீர்ப்பை அநுசரித்து, மைனர்களுக்கும் புத்தி ஸ்வாதீனமில்லாதவர்களுக்கும் உரிய தொகையை பாங்கியில் நீண்டகால டெபாசிட்டாகப் போட்டு, வட்டியை மாத்திரம் மாதாமாதம் செலவுக்கு விடுகிறார்கள். சிலருக்கு இது அநாவசியத் தடையாகத் தோன்றுகிறது. மூளையில் அடிபட்டவர்களில் பலர் கையில் பணம் இருந்தால் முதல் கேட்பவருக்கே கொடுத்துவிடும் சுபாவம் அடைந்திருப்பார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு தூரத்து உறவினர்களும் அப்போது வருவார்கள். வைத்தியத்துக்கோ வீட்டுக்கோ பெருந்தொகை தேவையானால் காரணத்தைக் காட்டி டிரிபியூனலில் மனுக் கொடுத்து முதலிலிருந்து எடுக்கலாம்.

தொகை போதாதென்று தோன்றினால் தொண்ணூறு நாளைக்குள் ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம். கம்பெனியும் அப்பீல் செய்யக்கூடும். அங்கே புதிய சாக்ஷியங்களைச் சேர்ப்பது எளிதல்ல. கீழ்க்கோர்ட்டில் வைத்த காகிதங்களைக் கொண்டுதான் பெரும்பாலும் பேசவேண்டியிருக்கும். ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கான் படத்தையும் வீட்டு நோட்டையும், தீர்ப்பு வந்துவிட்டதே என்று பரண்மேல் போட்டுவிட வேண்டாம்.